அயலாரிடம் பயின்ற கல்வி

மகள் பட்டப்படிப்பை முடிக்கிறாள். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று தந்தை கேட்கிறார். "எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறேன் அப்பா, சமூகப்பணி" என்கிறாள். ஏழைகளுக்கு உதவுவதற்குமா ஒரு பல்கலைக்கழகம், அதற்குமா இரண்டாண்டுப் படிப்பு என்று தந்தை திகைக்கிறார்.

நம் பங்குகளில் இந்தத் திகைப்பு புதிதன்று, தவறானதும் அன்று. நம் பாட்டிமார் எந்தக் கல்லூரி வாயிலையும் மிதியாதவர்கள். ஆயினும் பேறுகால வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார்கள். தாயற்ற பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்கள் ஏழை இல்லங்களைச் சந்திக்கப் பட்டம் பெற்றுக்கொண்டா போகிறார்கள்? அன்புள்ளம் ஒன்று போதாதா?

தன் தெருவில், தன் மொழி பேசி, தன் பழக்கவழக்கங்களோடே வாழும் குடும்பத்துக்கு உதவுவதற்கு அன்புள்ளம் பெரும்பாலும் போதும். அக்குடும்பம் எதை விரும்பி உண்ணும், எதற்கு வெட்கப்படும், யார் சொன்னால் கேட்கும் என்பதெல்லாம் பாட்டிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு மொழியும் வேறு சமயமும் வேறு வாழ்க்கை முறையும் கொண்ட மக்களிடையே அதே அன்புள்ளம் போய் நிற்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. அறியாமல் செய்யும் உதவி அங்கே வீணாகலாம், தீங்காகவும் முடியலாம். சமூகப்பணி என்பது பல்கலைக்கழகக் கல்வியாக உருவெடுத்த வரலாறு இந்த இடரிலிருந்தே தொடங்குகிறது. அவ்வரலாற்றில் பெருமைப்படத்தக்க ஏடுகளும் உண்டு. தலைகுனிய வைக்கும் ஏடுகளும் உண்டு. இரண்டையும் நாம் அறிவது நல்லது.

ஹால்ஸ்டெட் தெரு வீடு

1889-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு தோழியர், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹால்ஸ்டெட் தெருவிலிருந்த ஒரு பழைய மாளிகையில் குடியேறினர். அதைக் கட்டியவர் பெயரால் அந்த இல்லம் 'ஹல் ஹவுஸ்' எனப்பட்டது. இலண்டனில் 1884-இல் தொடங்கப்பட்ட டாயின்பீ ஹால் என்னும் இல்லத்தில், பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பணி செய்வதை ஜேன் ஆடம்ஸ் நேரில் கண்டு வந்திருந்தார். எலன் ஸ்டார் பிற்காலத்தில், 1920-இல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பதை நம் வாசகர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறோம்.

அந்தத் தெருவைச் சுற்றி இத்தாலியர், கிரேக்கர், அயர்லாந்தினர், ஜெர்மானியர், போலந்தினர், பொஹீமியர், ருஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதர் எனப் பற்பல நாட்டினர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். கப்பலில் வந்திறங்கிய ஏழைகள் அவர்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள்; பெண்களும் பிள்ளைகளும் வீட்டின் இருட்டறைகளிலே தையல் வேலை செய்தார்கள்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. தோழியர் அயல்வீட்டுச் சிறுமிகளை அழைத்து மிட்டாய் வழங்கினர். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், மிட்டாயைக் கண்ணால் காணவும் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஆறு வாரங்களாக அந்தச் சிறுமிகள் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்திருந்தனர். அன்போடு நீட்டிய கை, அறியாமையால் வெறுங்கையாய் நின்றது.

உணவு விஷயத்திலும் இப்படியே நேர்ந்தது. உழைத்துக் களைத்த பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை என்று கண்டு, ஹல் ஹவுஸார் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தனர். ஊட்டச்சத்து அளவெல்லாம் கணக்கிட்டு, பாஸ்டன் நகரத்து அறிவியல் முறைப்படி சமைத்த உணவு அது. அயலார் அதை வாங்கவில்லை. அது சத்துள்ள உணவுதான், ஆனால் தனக்கு எது பிடிக்கிறதோ அதையே உண்ண விரும்புவதாக ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஜேன் ஆடம்ஸ் 1910-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் பள்ளிகளின் மதிய உணவுக் கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் இதே காட்சியைக் கண்டவர்கள் உண்டு. ஒரு மக்களின் நாக்கு, அவர்கள் விட்டுவந்த ஊரின் நினைவையும் சேர்த்தே சுமக்கிறது.

இத்தகைய அனுபவங்கள் அவர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. அயலாரை அறியாமல் அயலாருக்கு உதவ இயலாது; அறிவதற்கோ நல்லெண்ணம் மட்டும் போதாது, ஒழுங்கான உழைப்பு வேண்டும். 1893-இல் அமெரிக்க அரசின் தொழில்துறை, நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளைக் கணக்கெடுக்க முற்பட்டபோது, ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணி சிகாகோப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு சதுர மைல் பரப்பில், வீடு வீடாகக் கதவு தட்டிக் கணக்கெடுத்தார்கள். கிடைத்த விவரங்களைக் கொண்டு, ஹல் ஹவுஸார் இரண்டு பெரிய வரைபடங்களை உருவாக்கினர். ஒன்று, எந்த மனையில் எந்த நாட்டினர் வாழ்கின்றனர் என்று வண்ணங்களால் காட்டியது. பதினெட்டு நாட்டினர் அதில் இடம்பெற்றனர். மற்றொன்று, குடும்பத்தின் வார வருமானத்தைக் காட்டியது. 5 டாலருக்கு மேற்படாத குடும்பங்களுக்குக் கறுப்பு வண்ணம்.

1895-இல் 'ஹல் ஹவுஸ் வரைபடங்களும் கட்டுரைகளும்' என்னும் பெயரில் இவை நூலாக வெளிவந்தன. நூலில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. பொஹீமிய மக்களைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் ஜோசஃபா ஹம்பல் ஸீமன் என்னும் பொஹீமியப் பெண்மணி. இத்தாலியரைப் பற்றி எழுதியவர் அலெஸ்ஸாந்த்ரோ மாஸ்த்ரோ வலேரியோ என்னும் இத்தாலியர். தம் மக்களைப் பற்றித் தாமே எழுதும் உரிமை அந்நூலில் அவர்களுக்குக் கிடைத்தது. வரைபடங்களுக்கு விளக்கம் எழுதிய ஆக்னஸ் ஹோல்புரூக் இன்னொன்றையும் சொன்னார்: ஏழையின் வீட்டுக்குள் புகுந்து அவனது அந்தரங்கத்தைத் துருவித் துருவிக் கேட்பது பொறுக்கவொண்ணாத செயல், அதனால் ஊரின் மனச்சான்று விழித்து அவனது நிலை உயரும் என்ற உறுதி இருந்தாலன்றி, அதற்கு மன்னிப்பே கிடையாது என்பது அவரது கருத்து. ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கருத்து என்று நாம் எண்ணுகிறோம்.

அந்த உறுதி வெறும் சொல்லாகவும் இல்லை. ஃபுளோரன்ஸ் கெல்லி முதலியோரின் முயற்சியால், 1893-இல் இல்லினாய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்தக் கூடாதென்று சட்டம் இயற்றியது. அதைச் செயற்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியே நியமிக்கப்பட்டார். அச்சட்டம் பெண்களுக்கு விதித்த எட்டு மணி நேர வேலை வரம்பை மட்டும் மாநில உயர்மன்றம் 1895-இல் நீக்கிவிட்டது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா?

தாயும் மகளும் வேறு வேறு வாயில்களில்

ஹல் ஹவுஸ் வரலாற்றில் குடும்பங்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், முக்காடிட்டுப் பழைய நாட்டு உடை உடுத்திய தம் தாய்மாரைக் கண்டு வெட்கப்படத் தொடங்கியதை ஜேன் ஆடம்ஸ் கவனித்தார். பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொண்டனர். தாய்மாரோ வாயடைத்துப் போயினர். வீட்டில் பெற்றோரின் சொல் செல்லாக்காசாகி வந்தது. அவர் 1900-ஆம் ஆண்டில் உழைப்புக் காட்சியகம் என ஒன்றைத் தொடங்கினார். இத்தாலிய, கிரேக்க, ருஷ்ய, அயர்லாந்துப் பெண்கள் தம் ஊர் முறைப்படி நூல் நூற்றும் நெய்தும் காட்டும் இடம் அது.

அங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் இத்தாலியத் தாய் தக்ளி கொண்டு நூற்றுக் காட்டுவார். அவர் மகள் ஆஞ்செலினா அதே கட்டடத்தில் சமையல் வகுப்புக்கு வருவாள்; ஆனால் தாயோடு சேர்ந்து காணப்பட வெட்கப்பட்டு, வேறு வாயிலால் நுழைவாள். ஒருநாள், கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த விருந்தினர் தன் தாயைச் சூழ்ந்து நின்று வியப்பதை அவள் கண்டாள். உன் தாய் அமெரிக்காவிலேயே சிறந்த நூற்புக்காரியா என்று ஜேன் ஆடம்ஸிடம் கேட்டாள். அவர், அத்தாய் வாழ்ந்த மலைக்கிராமத்தின் அழகையும், அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெருநகரத்தில் வந்து வாழ்வதன் கடினத்தையும் மகளுக்கு எடுத்துரைத்தார். அதன்பின் தாயும் மகளும் ஒரே வாயிலால் வந்தனர்.

பம்பாயிலும் துபாயிலும் தொராண்டோவிலும் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

பல்கலைக்கழகம் கைக்கொண்டது

இப்படித் தெருவிலே கற்றதை ஒழுங்குபடுத்திக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. சிகாகோவில் கிரஹாம் டெய்லர் என்னும் இறைப்பணியாளர் 1903-இல் வகுப்புகளைத் தொடங்கினார். 1908-இல் அது தனிப் பள்ளியாயிற்று. 1920-இல் அப்பள்ளி சிகாகோப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்த இணைப்புக்கு உழைத்தவர்கள் ஈடித் ஆபட், சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் ஆகிய இரு பெண் அறிஞர்கள். இருவரும் ஹல் ஹவுஸில் தங்கி அயலாரோடு பழகியவர்கள். 1924-இல் ஈடித் ஆபட் அப்பள்ளியின் தலைவரானார்.

தருமம் செய்வோருக்கு இரண்டு மாதப் பயிற்சி போதும் என்று எண்ணியவர்கள் அன்றும் இருந்தனர். ஈடித் ஆபட் அதை ஏற்கவில்லை. சட்டம், புள்ளியியல், பொருளியல், அரசு நிர்வாகம் ஆகியவற்றைக் கற்காதவர் ஒரு குடும்பத்தின் துன்பத்தைத் தணிக்கலாம். அத்துன்பத்தை விளைவிக்கும் காரணத்தைத் தொட முடியாது என்பது அவரது உறுதி. அவருடைய மாணவர்கள் ஆண்டுக்கணக்காகச் சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்கள் 1936-இல் பெருநூலாக வெளிவந்தன.

அதே 1936-ஆம் ஆண்டிலேதான் இந்தக் கல்வி நம் நாட்டில் கால் பதித்தது.

நாக்பாடாவிலிருந்து எழும்பூர் வரை

சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மறைப்பணியாளர் 1925-இல் பம்பாய்க்கு வந்தார். பைகுல்லாவை அடுத்த நாக்பாடாப் பகுதியில் அயலக இல்லம் ஒன்றை அமைத்தார். இஸ்லாமியர், யூதர், இந்துக்கள், கிறிஸ்தவர், பார்சிகள் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்த பகுதி அது. ஹால்ஸ்டெட் தெருவை அவருக்கு அது நினைவூட்டியிருக்க வேண்டும். டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு, 1936-இல் அந்த இல்லத்திலேயே சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் முதல் கல்விக்கூடம் அதுவே. 1944-இல் அது டாட்டா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர் மாறியது. 1964-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

மான்ஷார்ட்டை அடுத்து 1941-இல் அக்கழகத்தின் இயக்குநர் பொறுப்பேற்றவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர்: ஜே. எம். குமரப்பா. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். தம்பியை அறிந்த அளவு தமிழ்நாடு தமையனை அறியவில்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது.

சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. அது இன்றும் எழும்பூரில் நடந்து வருகிறது. கத்தோலிக்கரும் பின்தங்கவில்லை. இருதய மரியின் புதல்வியர் சபையினர் 1955-இல் பம்பாயில் நிர்மலா நிகேதனையும், 1960-இல் மங்களூரில் ரோஷ்ணி நிலையத்தையும் நிறுவினர். சென்னை இலயோலாக் கல்லூரியும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் இத்துறையைத் தொடங்கின. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டுமென விதித்ததும் இப்படிப்பை நாடுவோர் பெருக ஒரு காரணமாயிற்று. பிழைப்புக்கு வழியுண்டா என்று கேட்கும் தந்தையருக்கு அன்று கிடைத்த விடை அது. இன்று மருத்துவமனைகள், மனநல நிலையங்கள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள் எனப் பல வாயில்கள் உண்டு. ஊதியம் எல்லா இடத்திலும் படிப்புக்கேற்ப இருப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

படிப்பின் உயிர் வகுப்பறையில் இல்லை, களப்பணியில் இருக்கிறது. மாணவர் பெரும்பாலும் வாரத்தில் இரு நாள்கள் ஒரு சேரியிலோ மருத்துவமனையிலோ காப்பகத்திலோ பணி செய்தாக வேண்டும். இருளர் குடியிருப்புக்கும், கடலோரக் குப்பத்துக்கும், திருப்பூரில் ஒடிசா, பீகார்த் தொழிலாளர் தங்கும் விடுதிக்கும் ஒரே கேள்வித்தாளோடு போகக் கூடாதென்று அங்கேதான் மாணவர் உணர்கிறார். நம் நாட்டுக் கல்லூரிகள் நெடுங்காலம் அமெரிக்கப் பாடநூல்களையே நம்பியிருந்தன. தனிமனிதரை மையமாக வைத்து எழுதப்பட்ட அந்நூல்கள் கூட்டுக்குடும்பத்தையும் சாதியையும் அறியா. மதுவுக்கு அடிமையான ஒருவரைப் பற்றி அவருடைய தாய்மாமனிடம் பேசாமல் தமிழ்நாட்டில் எந்த ஆலோசனை முடிவுக்கு வரும்? இந்தக் குறையை நம் பேராசிரியர்களே சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகின்றனர்.

ஆராய்ச்சியும் செயலும் கைகோத்ததற்கு இரு சான்றுகள் போதும். வீடின்றித் தெருவில் வாழும் சிறுவர்க்காக, டாட்டா கழகம் 1996-இல் பம்பாயில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியதே 1098 என்னும் தொலைபேசி உதவி எண். பின்னர் அது நாடெங்கும் பரவியது. மற்றொன்று கசப்பானது. பீகார் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட காப்பகங்களை அக்கழகத்தின் 'கோஷிஷ்' குழுவினர் ஆய்ந்து, 2018-இல் அரசுக்கு அறிக்கை தந்தனர். முசாபர்பூர்க் காப்பகத்தில் சிறுமியர் அனுபவித்த கொடுமை அதனால்தான் வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் பத்தொன்பது பேர் குற்றவாளிகளெனத் தில்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காப்பகத்தில் அலுவலர்கள் அதற்கு முன்பும் சோதனை செய்ததுண்டு. ஆனால் சிறுமியரோடு அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டவர்கள் ஆய்வுக்குழுவினரே.

பட்டம் பெற்றவர்கள் செய்த தீங்கு

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, படித்த சமூகப்பணியாளர் வந்தால் எல்லாம் நலமே என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. கனடா நாட்டில் நடந்ததை அறிந்தவர் அப்படிச் சொல்லத் துணியார்.

கனடாவின் முதற்குடி மக்களது பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த கொடிய வழக்கம் நூறாண்டுக்கு மேல் அங்கே நிலவியது. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அரசு பணம் கொடுத்தது, திருச்சபைகள் நடத்தின. பெரும்பங்கு நடத்தியவை நம் கத்தோலிக்கத் துறவற சபைகள். 2022-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ஆல்பெர்ட்டா மாநிலத்து மஸ்குவாச்சிஸ் என்னுமிடத்துக்கு நேரில் சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இதை நம் வாசகர் பலர் அறிவர்.

பலர் அறியாத ஒன்று உண்டு. அப்பள்ளிகள் மெல்ல மெல்ல மூடப்பட்ட காலத்தில், அவற்றின் இடத்தைச் சமூகப்பணியாளர்கள் பிடித்தனர். 1951-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால், மாநிலங்களின் குழந்தைநலச் சட்டங்கள் முதற்குடியினர் நிலங்களிலும் செல்லுபடியாயின. பல்கலைக்கழகத்தில் பயின்ற இளம் பணியாளர்கள் அங்கே சென்றனர். பாடநூலில் படித்த நல்ல குடும்பத்துக்குரிய அடையாளங்களைத் தேடினர். பிள்ளைக்குத் தனிப் படுக்கை இல்லை, குழாய்நீர் இல்லை, குளிர்பதனப் பெட்டியில் உணவில்லை. உலர்த்திய மீனும் வேட்டையாடிய இறைச்சியும் உண்டு வாழ்வோர் வீட்டில் குளிர்பதனப் பெட்டியை ஏன் தேட வேண்டும்? பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தால், பெற்றோர் கைவிட்டுவிட்டனர் என்று எழுதினர். க்ரீ மக்களிடம் 'வாக்கோட்டுவின்' என்றொரு சொல் உண்டு. உறவு என்பது அதன் பொருள். உறவினர் யாவரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர் என்னும் அறமும் அதிலே அடங்கும். அந்தச் சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை.

பிள்ளைகள் பல்லாயிரக்கணக்கில் எடுத்துச் செல்லப்பட்டு, தொலைதூரத்து வெள்ளையர் குடும்பங்களுக்கு, அமெரிக்காவுக்கும்கூட, தத்துக் கொடுக்கப்பட்டனர். 20,000-க்கு மேற்பட்டோர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. பாட்ரிக் ஜான்ஸ்டன் என்னும் ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட நூல் இதனை நாடறியச் செய்தது. முதற்குடியினர் நிலங்களில் பிறந்த குழந்தைகளை வாரி அள்ளிச் செல்வது தம் காலத்தில் வழக்கமாயிருந்தது என்று ஒரு மூத்த சமூகப்பணியாளரே அவரிடம் கண்ணீர் விட்டுச் சொன்னார். 'அறுபதுகளின் அள்ளல்' என்று அக்காலத்துக்குப் பெயர் அமைந்தது அதிலிருந்துதான். 1985-இல் மனிடோபா மாநிலத்து நீதிபதி எட்வின் கிமெல்மன், இது ஒரு பண்பாட்டையே அழித்த செயல் என்று தம் அறிக்கையில் கடிந்துரைத்தார்.

அப்பணியாளர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் குழந்தையின் நன்மையையே நாடினர் என்று நாம் நம்புகிறோம். அதனால்தான் இந்நிகழ்ச்சி நம்மை அதிகமாக அச்சுறுத்துகிறது. 2017-இல் கனடாவின் சமூகப்பணிக் கல்விக்கூடங்களது சங்கம், அக்கொடுமைகளில் தன் துறைக்கும் பங்குண்டு என ஏற்று, பாடத்திட்டங்களை மாற்றுவதாக எழுத்து மூலம் உறுதியளித்தது. அதே ஆண்டில் கனடா அரசு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாக 80 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. தம் பிள்ளைகளின் நலத்தைத் தாமே சட்டமியற்றிக் காக்கும் உரிமையை அம்மக்களுக்கு ஏற்றுரைத்த சட்டம் 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆல்பெர்ட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்னும் ஊருக்கு அருகே செங்கல்லாலான ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. 'புளூ குவில்ஸ்' உறைவிடப் பள்ளி அது. நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள் சபையினர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு நன்கு அறிமுகமான அதே சபை. 1970 ஜூலையில் அப்பள்ளியை அரசு தன் விருப்பப்படி முடிவுகட்ட முனைந்தபோது, சுற்றுவட்டார முதற்குடி மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து உள்ளே அமர்ந்துவிட்டனர். தாத்தாக்களும் பேரக்குழந்தைகளுமாக அமர்ந்தனர். அங்கேயே சமைத்து உண்டனர். பதினேழாம் நாள் அரசு இணங்கியது. முதற்குடியினரே நடத்திய முதல் பள்ளியாக அது மாறியது. பின்னர் கல்லூரியாயிற்று. 2015 முதல் க்ரீ, டெனே மொழிகளில் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமாக விளங்குகிறது. எந்த மொழியைப் பேசியதற்காகப் பிள்ளைகள் அடிபட்டனரோ, அந்த மொழி இன்று அங்கே பாடமொழி. அங்கே கற்பிக்கப்படும் துறைகளுள் ஒன்று சமூகப்பணி.

கேள்வித்தாளோடு வருபவரிடம்

நம் பங்குகளுக்கும் ஆண்டுதோறும் மாணவர்கள் ஆய்வுக்கு வருகின்றனர். மீனவக் குடும்பங்களைப் பற்றியும், வெளிநாடு சென்றோரின் மனைவியரைப் பற்றியும், மதுப்பழக்கத்தைப் பற்றியும் கேட்கின்றனர். அவர்களை அன்போடு வரவேற்று மோர் கொடுத்து உட்கார வைப்பது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. அதோடு சில கேள்விகளை நாமும் கேட்கலாம். எதற்காக இந்த விவரம்? எங்கள் பெயர் வெளிவருமா? வழிகாட்டும் பேராசிரியர் யார்? விருப்பமில்லாத கேள்விக்கு விடை சொல்லாமலிருக்கும் உரிமை நமக்குண்டு. நல்ல மாணவர் அதை அவராகவே முதலில் சொல்லிவிடுவார். நம் பிள்ளைகளே அப்படி மாணவராய்ப் பிறர் வீட்டுக்குச் செல்லும்போதும், கதவருகே நின்று இவற்றையெல்லாம் அவர்களே எடுத்துச் சொல்லட்டும். ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. எனவே, கண்ட முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு மறுபடி வந்து, பங்குப்பேரவைக் கூட்டத்தில் படித்துக்காட்டிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளலாம். அக்கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்கப் பங்குத்தந்தையர் மறவாதிருக்க வேண்டும். வீட்டில் கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னவர்கள் பெரும்பாலும் அவர்களே.